ரப்பருக்கு எண்ணெய் ஆகாது

தண்ணீர் மோட்டார்களைப் பழுதுபார்க்கும் அந்த மெக்கானிக், பட்டறைக்கு வருபவர் எவராயினும், மோட்டாரைத் திருப்பிக் கொடுக்குமுன் ஒரு சிறு பிரசங்கம் செய்யாமல் விடுவதில்லை.

"உள்ளே இருக்கிற வாஷர் ரப்பர். சத்தம் வருதுன்னு வீட்டு எண்ணெயைக் கொண்டுவந்து ஊத்திடாதீங்க. ரப்பருக்கு எண்ணெய் எமன். ஊறிப் போய்ப் பிஞ்சுடும். அப்புறம் என்கிட்டே வந்து திட்டாதீங்க."

பல ஆண்டுகளாக இதே சொற்களை இதே வரிசையில் சொல்லி வந்தமையால், தெருவில் அவனுக்கு 'வாஷர்' என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. அத்தகையவன் அந்த விதியைத் தன் வீட்டிலேயே, அதுவும் படுக்கையறையில், மீறிவிட்டான் என்பதை அவன் மனைவி ஒருநாள் காலையில் கண்டுபிடித்தாள்.

அவள் பள்ளிச் சீருடைகள் தைக்கும் கூடமொன்றில் துணி வெட்டுபவள். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மின்கத்தியை ஒரே சீராக ஓட்டிச் செல்வது அவள் வேலை. கை தயங்கினால் நாற்பது சட்டைகளும் ஒருசேரப் பாழாகும். ஆகவே கூடத்தில் வயதில் மூத்தவர்களும் அவளை 'மாஸ்டர்' என்றே அழைத்தனர். கணவனும் நாளடைவில் அவ்வாறே அழைக்கத் தொடங்கினான்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் மாஸ்டருக்கு இருமல் கண்டது. இருமல் நிற்கவில்லை, உடை தொளதொளத்தது, பரிசோதனையில் நுரையீரல் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்தில் பாதியை அவள் முடித்திருந்தாள். உடம்பு தேறிவந்தது, வேலைக்கும் திரும்பியாயிற்று. எனினும் நெஞ்சுநோய் மருத்துவர் ஒன்றைத் திட்டமாகச் சொல்லியிருந்தார்: இந்த மாத்திரைகள் ஈரலுக்குப் பாரம், உடம்போ இளைத்துக் கிடக்கிறது, இவற்றின்மேல் கருப்பத்தையும் ஏற்றவேண்டாம், மருந்து முடியட்டும், எடை கூடட்டும், குழந்தை அதற்குப் பிறகு. சொன்னதோடு நில்லாமல் ஆணுறைப் பெட்டிகளையும் கொடுத்தனுப்பினார். குழந்தை வேண்டும் என்பதில் கணவன் மனைவி இருவருக்கும் வேறுபாடு இல்லை. இப்பொழுது வேண்டாம் என்பதிலும் இல்லை.

"ஏங்க, நேத்து அது ஏன் கிழிஞ்சுது?" என்றாள் மாஸ்டர். படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"பழசா இருக்கும்."

"தேதி பார்த்தேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"அப்போ கம்பெனி சரியில்லை."

"கம்பெனி கிடக்கட்டும். இந்த எண்ணெய்ப் பாட்டில் எதுக்குக் கட்டில் பக்கத்துல நிக்குது?"

மெக்கானிக் பாட்டிலைப் பார்த்தான். "நீதானே வாங்கி வெச்ச. மாத்திரையால தோல் வறண்டு போச்சுன்னு."

"கைக்கும் காலுக்கும் வாங்கினேன்."

மாஸ்டர் விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"நான் மோட்டார் கொண்டுவந்த ஆளுன்னு வெச்சுக்கோங்க. சொல்லுங்க, ரப்பருக்கு எண்ணெய் என்ன?"

அவன் தலையைச் சொறிந்தான். "...எமன்."

"ஊறிப் போய்?"

"பிஞ்சுடும். இது வேற ரப்பர்னு நினைச்சேன் மாஸ்டர்."

"ரப்பர்ல சொந்தக்காரன், வெளியாள்னு இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஆனால் சிரிப்பு அடங்கியபோது இருவர் மனத்திலும் ஒரே எண்ணமே எஞ்சியிருந்தது. கரு தங்கிவிட்டால் என்ன செய்வது? பாதி மருந்தில் இருக்கும் உடம்பு அதைத் தாங்குமா?

"மறுநாள் போடுற மாத்திரைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றாள் அவள். "கடையில கேட்டாக் கொடுப்பாங்க. போய் வாங்கிட்டு வாங்க."

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், அடுத்த வீட்டில் குடியிருக்கும் மெக்கானிக்கின் அக்காள் வழக்கம்போல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். அவள் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுப்பவள். தினமும் வேலைக்குப் போகும் வழியில் தம்பி வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கறந்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதுக்கா ரெண்டு பேரும் இடி விழுந்த மாதிரி நிக்கறீங்க? நீ தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள் இருக்கும் அண்ணி."

"அப்போ பயமே இல்லை. பதினாலாம் நாள்தான் முட்டை வரும். அதுக்கு முன்னாடி ஒண்ணும் தங்காது. மூணு பெத்தவ சொல்றேன்."

"உங்க பஸ் ஸ்டாண்டுல எந்த பஸ் அண்ணி போர்டுல போட்ட நேரத்துக்கு வருது?"

"பஸ் வேற, உடம்பு வேற."

"எனக்கு நோவு வந்ததுலேர்ந்து ஒரு மாசம் இருபத்திநாலு நாள்ல வருது, ஒரு மாசம் நாப்பது ஆகுது. இதுல பதினாலாம் நாளை எங்கேர்ந்து எண்ணுறது? அது போகட்டும். உங்க மூணாவது எப்படி வந்தான்?"

அக்காளின் மூன்றாவது மகனை, அவனைப் பெற்ற தகப்பனே 'போனஸ்' என்றுதான் அழைத்துவந்தான்.

"அது... அந்த மாசம் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுச்சு," என்று அக்காள் தேநீரை ஊதினாள். "அதுக்காக மாத்திரை, கீத்திரைன்னு வயித்தைக் கெடுத்துக்காதே. சொல்லிட்டேன்."

அவள் சொல்லிவிட்டுப் போனாள். மெக்கானிக் மருந்துக்கடைக்குப் புறப்பட்டான்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பியவன் மேசைமேல் ஒரு பற்பசையையும், இருமல் மிட்டாய்ப் பொட்டலத்தையும், வெட்டுக்காயத்திற்குப் பூசும் களிம்பையும் வைத்தான். மாஸ்டர் மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இதுல எதை நான் முழுங்கணும்?"

"கடைக்காரருக்கு என்னைத் தெரியும். போன மாசம்தான் அவரு மோட்டாருக்கு வாஷர் மாத்தினேன். 'வாங்க வாஷர், என்ன வேணும்'னாரு. பக்கத்துல மூணு பேரு நின்னாங்க."

"அந்த மூணு பேரும் வானத்துலேர்ந்து குதிச்சவங்களா?"

"நீ வேணும்னா போய்ப் பாரு, தெரியும்."

"போறேன். செருப்பை எடுத்துக் கொடுங்க."

மருந்துக்கடை தெருமுனையில் இருந்தது. கண்ணாடி அலமாரிக்கு முன்னே நான்கைந்து பேர் நின்றனர். கடைக்காரர் கணக்கு மேசையில் இருந்தார். மருந்து எடுத்துக் கொடுப்பவள் வெள்ளை மேலங்கி அணிந்த ஒரு பெண் மருந்தாளர். மாஸ்டர் தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும் கேட்டாள்.

"உறை கிழிஞ்சுடுச்சு. அவசரத்துக்குப் போடற கருத்தடை மாத்திரை வேணும்."

கடைக்காரர் சட்டென்று குனிந்து எதையோ தேடலானார். வரிசையில் நின்ற ஒருவர், முழங்காலுக்குக் கட்டும் பட்டையைக் கையில் பிடித்தவர், மற்றவர்களுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார்.

"கருவைக் கலைக்கிறதுகூட இப்போ கடைச்சாமான் ஆயிடுச்சு."

"ஐயா, இது கலைக்கிற மாத்திரை இல்லை," என்றாள் மருந்தாளர், அட்டையை எடுத்துக்கொண்டே. "முட்டை வெளியே வர்றதைத் தள்ளிப்போடும். முட்டை வரலைன்னா கரு உண்டாகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கின கருவை இது ஒண்ணும் பண்ணாது."

"நீங்க எந்த சைஸ் முழங்காலுக்குப் பட்டை வாங்கறீங்கன்னு நான் கேட்கலையே ஐயா," என்றாள் மாஸ்டர் அவரிடம். அவர் பட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மருந்தாளர் புன்னகையை அடக்கிக்கொண்டு கேட்கலானாள். "எப்போ நடந்துச்சு?"

"நேத்து ராத்திரி."

"நல்லதாப் போச்சு, சீக்கிரமா வந்துட்டீங்க. இது மூணு நாளுக்குள்ள போடணும். நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். வேற ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிடறீங்களா?"

அதுவரை ஒரு சொல்லுக்கும் தடுமாறாத மாஸ்டர் இங்கே நின்றாள். உறை கிழிந்ததை ஊர் அறியச் சொல்வதில் அவளுக்குத் தயக்கமில்லை. காசநோய் என்பது வேறு. தையற்கூடத்தில் மேலாளரைத் தவிர அதை ஒருவரும் அறியார். இந்தக் கடையிலோ தெருவே நின்றுகொண்டிருந்தது. அவள் கணவனின் பட்டறைக்கு மோட்டார் கொண்டுவரும் தெரு. 'ஒண்ணுமில்லை' என்று சொல்லி, அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடலாம். கேள்வி கேட்டவளுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும்.

ஆனால் கேட்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பதே அவள் எண்ணம். அளவைக் கேட்டுவிட்டு வெட்டுவதே அவள் தொழில். அளவு கேட்பவரிடம் பொய் சொல்லிவிட்டுச் சட்டை பொருந்தவில்லை என்று சண்டைக்கு வருபவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"டி.பி. மாத்திரை. மூணு மாசமா."

வரிசை அரை அடி பின்வாங்கியது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறேன். சளியும் பரிசோதிச்சாச்சு. என்கிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. தாராளமா முன்னாடி வரலாம்."

ஒருவரும் முன்னே வரவில்லை. எனினும் ஒருவரும் அதற்கு மேல் பின்னேயும் போகவில்லை.

மருந்தாளர் எடுத்து வைத்த அட்டையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்க. அந்த டி.பி. மாத்திரையில ஒண்ணு ஈரலை முடுக்கிவிட்டுடும் அக்கா. இந்த மாத்திரை வேலை செய்யறதுக்குள்ள ஈரல் அதை அரைச்சு வெளியே தள்ளிடும். நீங்க போட்டுட்டோம்னு நிம்மதியா இருப்பீங்க, உள்ளே ஒண்ணும் நடந்திருக்காது."

"அப்போ என்னதான் வழி?"

"காப்பர் டி. அதுல மருந்து கிடையாது, வெறும் செம்பு. ஈரல் அதை ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சு நாளுக்குள்ள போட்டுட்டா, அவசரத்துக்கு அதைவிட நம்பகமானது இல்லை. மகளிர் மருத்துவமனையில போடுவாங்க. அங்கே எதனாலயாவது முடியாதுன்னா, அவங்களையே கேளுங்க. இந்த மாத்திரையை ரெட்டை அளவுல கொடுக்கறதும் உண்டு. ஆனா அது ரெண்டாம்பட்சம். நாளைக்கே போயிடுங்க. டி.பி. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்திடாதீங்க."

"நிறுத்த மாட்டேன். உங்களுக்கு நான் என்ன கொடுக்கணும்?"

"ஒண்ணும் வாங்கலையே அக்கா."

கணக்கு மேசைக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்த கடைக்காரர் அப்பொழுதுதான் தலை நிமிர்ந்தார். "வாஷரை நான் கேட்டதாச் சொல்லும்மா," என்றார்.

மறுநாள் காலை இருவரும் மருத்துவமனைக்குச் சென்றனர். நீண்ட நடைக்கூடத்தில் வரிசையாக இரும்பு இருக்கைகள். சுவரில் கருப்பையின் படம். ஓரத்தில் ஓயாமல் சொட்டும் ஒரு குழாய். மெக்கானிக் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போய்த் திருகிட்டு வரட்டுமா?"

"உட்காருங்க. வந்த வேலையைப் பார்ப்போம்."

முகப்பில் இருந்த செவிலி விவரம் கேட்டாள். "எத்தனை குழந்தை?"

"இன்னும் இல்லை."

"அப்போ காப்பர் டி போடறதில்லைம்மா. ஒண்ணு பெத்துட்டு வாங்க."

"ஒண்ணு இப்போ பெறக்கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? இங்கே வழக்கம் அப்படி."

"வழக்கமா, விதியா சிஸ்டர்?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்படின்னா டாக்டர் வாயால கேட்டுட்டுப் போயிடறேன். காத்திருக்கேன்."

செவிலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபக்காரியாகத் தெரியவில்லை, போகிறவளாகவும் தெரியவில்லை. உள்ளே சென்று சொல்லிவிட்டு வந்தாள். சற்றுப் பொறுத்து இருவரையும் அழைத்தார்கள்.

மருத்துவர் இளவயதுப் பெண். மாஸ்டர் முதல்நாள் கடையில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள்; எண்ணெயைப் பற்றியும், மாதவிடாய் நாள் தவறி வருவதைப் பற்றியும் விடாமல் சொன்னாள். மெக்கானிக் கூரையிலுள்ள மின்விசிறியை ஆராய்ந்தான்.

"நிறையப் பேர் பண்ற தப்புதான்," என்றார் மருத்துவர். "எண்ணெய், களிம்பு, எதுவுமே அந்த ரப்பருக்கு ஆகாது. வேணும்னா தண்ணியில கரையற வழவழப்பு ஜெல் இருக்கு, அதைப் போடலாம்."

"அவருக்குத் தெரியும் டாக்டர். ஊருக்கே சொல்லுவாரு."

மருத்துவர் மெக்கானிக்கைப் பார்த்தார். அவன் மின்விசிறியை விட்டு இறங்கவில்லை.

"சரி, ஒரு தடவை கிழிஞ்சதாலேயே கண்டிப்பா கரு தங்கிடும்னு இல்லை. பெரும்பாலும் தங்காது. ஆனா தங்காதுன்னு நம்பி உட்காரவும் முடியாது. உங்களுக்கு மாதவிடாய் நாள் மாறி மாறி வருதே, முட்டை எப்போ வரும்னு நானே சொல்ல முடியாது."

"எங்க அண்ணி, பதினாலாம் நாளுக்கு முன்னாடி ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

"முட்டை முன்னாடியும் வரலாம். அது மட்டும் இல்லை, விந்தணு உள்ளே போய் அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட காத்திருக்கும்."

மாஸ்டர் சற்றே யோசித்தாள். "அப்போ பஸ் வரலைன்னாலும் ஆளு ஸ்டாப்புல உட்கார்ந்திருப்பான்."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். அஞ்சு நாள் உட்கார்ந்திருப்பான். பஸ் எப்போ வந்தாலும் ஏறிடுவான்."

"குழந்தை பெறாதவங்களுக்குக் காப்பர் டி போடறதில்லைன்னு சிஸ்டர் சொன்னாங்களே?"

"அது பழைய வழக்கம். போடலாம். பெத்தவங்களைவிடப் போடறப்போ கொஞ்சம் கூட வலிக்கும். அடுத்த சில மாதவிடாய்ல வலியும் ரத்தப்போக்கும் அதிகமா இருக்கும், அப்புறம் பெரும்பாலும் குறையும். உங்களுக்கு நோய் நுரையீரல்ல, கருப்பையில இல்லை. அதனால தடையில்லை. போடறதுக்கு முன்னாடி, போன மாசத்துலேர்ந்து ஏற்கெனவே கரு இருக்கான்னு ஒரு பரிசோதனை பண்ணிடுவேன்."

இதுகாறும் வாய் திறவாதிருந்த மெக்கானிக் தொண்டையைக் கனைத்தான்.

"டாக்டர், ஒரு சந்தேகம். செம்பு தண்ணியில கிடந்தாப் பச்சை பிடிக்கும். உள்ளேயே வருஷக்கணக்குல இருந்தா...?"

"உங்க வீட்டுக்காரங்க பைப் இல்லைங்க. செம்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரையும், உண்மைதான். அந்தக் கரைசல்தான் விந்தணுவுக்கு ஆகாது. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

"பின்னாடி எடுத்துட்டா, குழந்தை தங்குமா?" இதைக் கேட்கையில் அவன் குரல் சற்றே இறங்கியது. விளையாட்டாகக் கேட்ட கேள்வியன்று என்பதை மனைவி உணர்ந்தாள். நேற்றிரவு முழுவதும் அவன் புரண்டு புரண்டு படுத்ததன் காரணமும் அவளுக்கு இப்பொழுது விளங்கியது.

"எடுத்த மாசமே தங்கலாம். இதனால மலட்டுத்தனம் வராது. நீங்க எப்போ வேணும்னு நினைக்கறீங்களோ அப்போ வாங்க, எடுத்துடுவேன். வேண்டாம்னா பத்து வருஷம்கூட இருக்கும்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். மருத்துவரும் பார்த்தார்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்று மருத்துவர் கேட்டது அவளைத்தான்.

"சம்மதம். இன்னிக்கே போடுங்க."

"வேற யாரையாவது கேட்கணுமா?"

"கேட்க வேண்டியவரு பக்கத்துலேயே உட்கார்ந்திருக்காரு. கேட்டுட்டாரு. பதிலும் வந்துடுச்சு." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சு," என்றான் அவன்.

பரிசோதனையில் பழைய கரு எதுவும் இல்லை என்று தெரிந்தது. உள்ளறையில் வலி இருந்தது; மருத்துவர் சொன்னதைவிடக் குறைவாகவும் இல்லை, கூடுதலாகவும் இல்லை. அடிவயிற்றை முறுக்கிப் பிழிவதுபோல் ஒரு முறை. பிறகு அதனினும் சிறியதாக ஒரு முறை. முகப்பில் வழக்கத்தைப் பேசிய செவிலியே பக்கத்தில் நின்று கையைக் கொடுத்தாள். மாஸ்டர் பற்றிக்கொண்ட பற்றில் செவிலியின் விரல்கள் வெளுத்துப்போயின.

"கத்தி பிடிக்கிற கையா?" என்றாள் செவிலி.

"ஆமா சிஸ்டர். நாப்பது மடிப்பு வெட்டுற கை."

"தெரியுது, விடும்மா. முடிஞ்சுடுச்சு."

புறப்படுமுன் மருத்துவர் சொன்னார்: மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் ஒரு கருப்பப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள், அதற்கு முன் பார்த்தால் சரியாகத் தெரியாது, கடும் வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே வாருங்கள்.

அன்று மாலை அக்காள் வந்தாள். தம்பி மனைவி வெந்நீர்ப் பையை வயிற்றின்மேல் வைத்துப் படுத்திருப்பதைக் கண்டாள், காரணத்தைக் கேட்டாள், நாற்காலியில் உட்காராமலே பேசினாள்.

"ஒண்ணுகூடப் பெறாத வயித்துல கம்பியை வெச்சுட்டு வந்திருக்கியே. உனக்குத்தான் தோணலை, இவனுக்குப் புத்தி எங்கே போச்சு?"

மாஸ்டர் எழுந்து உட்காரப் போனாள். மெக்கானிக் அவள் தோளில் கைவைத்து அமர்த்தினான்.

"அக்கா, தப்பு பண்ணினது நான். எண்ணெயை எடுத்தது இந்தக் கைதான். நான் பண்ணினதுக்கு இவ வலி பட்டுட்டு வந்து படுத்திருக்கா. திட்டணும்னா என்னைத் திட்டு. அவளை ஒண்ணும் சொல்லாதே."

தம்பி தன்னை எதிர்த்துப் பேசி அக்காள் கேட்டதில்லை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"கம்பி இல்லை அண்ணி," என்றாள் மாஸ்டர் படுத்தபடியே. "இத்துனூண்டு. சுண்டுவிரல் அளவுகூட இல்லை. வேணும்னப்போ எடுத்துடலாம்."

"எத்தனை வருஷம் தாங்குமாம்?"

"பத்து வருஷம்."

அக்காள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "எனக்கு அவ்வளவு வேண்டியிருக்காது," என்றாள் தனக்குத்தானே. சற்றுப் பொறுத்து, வேறெங்கோ பார்த்தபடி, "அந்த டாக்டர் எந்தெந்தக் கிழமை இருக்காங்க?" என்று கேட்டாள்.

மெக்கானிக் வாய் திறக்கப் போனான். மாஸ்டர் அவன் கையைக் கிள்ளினாள்.

"புதனும் வெள்ளியும் அண்ணி. நான் கூட வரேன்."

அடுத்துவந்த வாரங்களில் தையற்கூடத்தில் வேலை குவிந்தது. மாஸ்டர் வழக்கம்போல் நின்று வெட்டினாள். வழக்கம்போல் மாத்திரைகளை விழுங்கினாள். கடையில் சொன்ன செய்தி தெருவைத் தாண்டிக் கூடத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. பொத்தான் தைக்கும் ஒருத்தி தன் தண்ணீர்ப் பாட்டிலைத் தூர நகர்த்தி வைத்தாள். மாஸ்டர் அவளருகே சென்று, தன்னைப் பற்றி அவள் கேட்க விரும்புவதை எல்லாம் கேட்கும்படி சொன்னாள். அவள் கேட்டாள், மாஸ்டர் பதில் சொன்னாள், இரண்டு நாளில் பாட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

வராதது ஒன்றுதான். இருபத்தெட்டாம் நாள் கடந்தது; மாதவிடாய் வரவில்லை. முப்பதாம் நாளும் கடந்தது. செம்பின்மேல் அவளுக்கு ஐயம் இல்லை. தன் உடம்பு நாள் தவறுவது புதிதன்று என்பதையும் அவள் அறிவாள். அறிந்தும், கத்தியை ஓட்டும்போது ஓரிரு முறை மனம் அடிவயிற்றுக்குப் போய்விட்டு வந்தது. மெக்கானிக்கோ ஒவ்வொரு நாள் மாலையும் அவள் முகத்தைப் பார்ப்பான், ஒன்றும் கேட்கமாட்டான், பட்டறைக்குத் திரும்பி, நன்றாக ஓடும் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போடுவான்.

"கேட்டுடுங்களேன்," என்றாள் ஒருநாள்.

"எதை?"

"கேட்காம இருக்கறதை."

"வந்துச்சா?"

"இல்லை. மூணு வாரம் ஆகட்டும், பார்த்துடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி பார்த்தா அதுவும் பொய் சொல்லும். நீங்க அதுவரைக்கும் ஓடற மோட்டாரை ஓட விடுங்க."

மூன்று வாரம் நிறைந்த அன்று பரிசோதனைப் பட்டையை வாங்கி வந்தவன் மெக்கானிக். இம்முறை பற்பசை எதுவும் உடன்வரவில்லை. "கடையில நாலு பேரு இருந்தாங்க," என்று மட்டும் சொன்னான். மாஸ்டர் அவனை ஒரு பார்வை பார்த்தாள்; அதில் பாராட்டு இருந்தது.

அவள் குளியலறைக்குச் சென்றாள். பட்டையைத் தோய்த்து, சன்னல் விளிம்பில் கிடத்தி, அதன் உறையில் அச்சிட்டிருந்தபடி காத்திருந்தாள். முதற்கோடு விரைந்து தோன்றியது. அது பட்டை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். இரண்டாவது கோட்டுக்குரிய இடத்தை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். வெண்மை வெண்மையாகவே இருந்தது. சொன்ன நேரம் கழிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், இல்லை.

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் நிமிர்ந்தே இருந்த தோள்கள் அப்பொழுதுதான் இறங்கின. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

மெக்கானிக் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"ஒரு கோடுதான்," என்றாள் அவள்.

"ஒண்ணுன்னா?"

"ஒண்ணுன்னா இல்லைன்னு அர்த்தம். தங்கலை."

அவன் நெடுமூச்சு விட்டான். மகிழ்ச்சிக்கும் ஏக்கத்துக்கும் நடுவே எங்கோ இருந்தது அவன் முகம். அவள் அதைப் பார்த்தாள்; தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாத்திரை முடியட்டும். உடம்புல இன்னும் கொஞ்சம் சதை போடட்டும். அப்புறம் அந்த டாக்டர்கிட்டே போய் எடுத்துடலாம். எப்பன்னு நான் சொல்றேன்."

"நாம சொல்றோம்னு சொல்லு."

"சரி," என்றாள். "நாம சொல்றோம்."